மேல வீதியில் கொடுத்த மோர்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டோடு தகராறு வந்துவிட்டால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். சாப்பாடுதான் என்று இல்லை. ஒரு வாய் காபி, ஒரு டம்ளர் மோர், எதுவும் கூடாது. பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாமா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. கை நனைத்துவிட்டால் தகராறு தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு நியாயம் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினாலும் ஊர் காதில் போட்டுக்கொள்ளாது. என் வீட்டுக்காரர் மெட்ராஸில் வளர்ந்தவர். இதை முதன்முதலில் சொன்னபோது, "மோருக்கு இவ்வளவு அரசியலா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நான் நின்ற நிலை அவருக்கு வந்ததில்லை.

அப்போது தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி வாசம். சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். அப்பா குத்தகை விவசாயி. எங்கள் கையில் இருந்தது பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர். நிலம் தஞ்சாவூரில் குடியிருந்த ஒரு மிராசுதாருடையது. எங்கள் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். 'தஞ்சாவூரார்' என்பார்கள், அவ்வளவுதான். அவரும் ஊர்ப்பக்கம் வரமாட்டார். அறுவடைக்கு அவருடைய காரியஸ்தர் வந்து, குடையைக் களத்து மேட்டில் ஊன்றிக்கொண்டு, நெல் அளக்கிறவர் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பார்.

ஆட்சி மாறியிருந்த காலம். டீக்கடைகளில் கரைவேட்டிகள் பெருகியிருந்தன. வயல் வரப்புகளில் செங்கொடிகள் இன்னும் வேகமாகப் பெருகியிருந்தன. குத்தகைதாரர்களின் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் பதிவாகிவிட்டால் ஆளை லேசில் கிளப்ப முடியாது. அதனால் பதிவாவதற்கு முன்பே மிராசுதார்கள் கிளப்பிவிடப் பார்த்தார்கள். தஞ்சாவூரார் நிலத்தை எங்கள் ஊரில் எட்டுக் குடும்பம் பயிர் செய்தது. 'குத்தகை என்று ஒன்றும் கிடையாது, எல்லோரும் என் பண்ணைக்குக் கூலிக்கு வருகிறவர்கள்' என்று அவர் மனு கொடுத்துவிட்டார். தாசில்தார் விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. குத்தகை நெல்லுக்கு ரசீது தருகிற வழக்கமே எங்கள் ஊரில் இருந்ததில்லை. எட்டுக் குடும்பத்தின் வாய்ச்சொல் ஒன்றுதான் எங்களுக்குச் சாட்சி.

மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் முடிவு தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் முதல் ஏரை யார் பூட்டுவது என்பதில் வெட்டுக்குத்தாகிவிடும். பக்கத்து ஊர்களில் ஆகியிருந்தது. அந்த வருடம் பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது வாய்க்கால் மதகருகே எட்டுப் பேரும் கூடினார்கள். அப்பாதான் பேசினார்.

"எட்டு பேரும் ஒரே வார்த்தையா நிக்கணும். ஒருத்தன் சாஞ்சா எட்டும் போச்சு. முடியிற வரைக்கும் எவனும் அந்தாளு வீட்டுல கை நனைக்கக் கூடாது. நனைச்சவன் மொகத்துல நான் முழிக்கமாட்டேன்."

அப்படி ஒரு கண்டிப்பு தேவையாகத்தான் இருந்தது. போன வருடம் அடுத்த ஊரில் ஒருத்தர் மிராசுதார் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாளே டீக்கடையில் அந்தச் செய்தி வந்தது. மற்றவர்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் ஒவ்வொருத்தராகப் போய் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்பா பேசி முடித்ததும் மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை. விடுதிக்குத் திரும்பி, அப்பா பேசியதை அப்படியே பேசிக் காட்டினேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வரலாறு டீச்சர் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரையும் பழைய தஞ்சாவூரைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார். ராஜ வீதிகள் நான்கையும் நடந்தே பார்க்க வேண்டும், பார்த்ததை வைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. இரண்டிரண்டு பேராக வரிசை. வரிசையை விட்டு ஒரு அடி விலகினாலும் டீச்சர் பார்வையாலேயே உள்ளே தள்ளிவிடுவார். எனக்கு ஜோடி கூத்தாநல்லூர்க்காரி ஒருத்தி. அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா மலேயாவில் கடை வைத்திருந்தார். விடுதியில் எனக்கு அவளைவிட நெருக்கமானவர்கள் இல்லை.

அரண்மனை வாசலில் எங்களுக்காக ஒரு கைடு காத்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டைப் பையில் பேட்ஜ், மெல்லிசான மீசை. எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். சைக்கிளும் மாட்டுவண்டியும் அவரைச் சுற்றிக்கொண்டு போகும், அவர் திரும்பியே பார்க்க மாட்டார். பேச்சோ மேடைப்பேச்சு. "மாணவச் செல்வங்களே! இப்போது நீங்கள் நின்றுகொண்டிருப்பது நாயக்க மன்னர்களின் கோட்டைக்கு உள்ளே! மராட்டிய மன்னர்களின் குதிரைகள் நடந்த வீதியிலே!" என்பார். அடுத்த நிமிடமே நுங்கு விற்கிறவரிடம், "யோவ், வண்டிய கொஞ்சம் தள்ளி வய்யி, புள்ளைங்க வருது" என்பார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கீழ வீதியில் ஒரு வீட்டுக் கிணற்றைக் காட்டினார். சிவகங்கைக் குளத்திலிருந்து பூமிக்கு அடியிலேயே தண்ணீர் ஓடி வந்து இந்த மாதிரிக் கிணறுகளை நிரப்பியதாம். அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். அதுவரை அவர் சொன்ன ராஜாக்கள் எல்லோரும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். தண்ணீர் என்றதும் காது திறந்துகொண்டது.

"மடை எங்க சார் இருந்துச்சு? யாரு தொறந்து விடுவாங்க? கடைசிக் கெணத்துக்குத் தண்ணி வரலன்னா யார்கிட்ட போயி கேப்பாங்க?"

கைடு ஒரு கணம் நடையை நிறுத்தினார். "அதெல்லாம் ராஜா பாத்துக்குவாரும்மா."

"ராஜாவா மம்பட்டி எடுத்துட்டு வருவாரு?" என்று கேட்டுவிட்டேன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் முறைத்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அந்த வயதில் இன்னும் நீளம்.

வடக்கு வீதி திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. கைடு ஒரு வேப்பமர நிழலில் எங்களை நிறுத்திவிட்டு, அன்றைய தினத்தின் உச்சகட்டம் என்று அறிவித்தார். அடுத்தது மேல வீதி. அங்கே மராட்டியர் காலத்து மாளிகை ஒன்று. சாதாரணமாக யாரையும் உள்ளே விடாத வீடு. "கீழத்தஞ்சையிலே பெரிய மிராசு. நம்ம பள்ளிக்காகச் சம்மதிச்சிருக்காங்க. அதுமட்டுமில்ல, உங்க எல்லாருக்கும் மோர் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. அந்த வீட்டுக்கு வந்தவங்க யாரும் வாய் நனைக்காமப் போனதா சரித்திரமே கிடையாது!"

தஞ்சாவூரார் வீடு மேல வீதியில் என்பது எனக்குத் தெரியும். அந்த வீதியில் மிராசுதார்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்தான். ஆனால் கீழத்தஞ்சையில் நிலம் என்று கைடு சொல்லிவிட்டாரே.

"எந்த ஊர்ல சார் அவங்க நெலம்?" என்று கேட்டேன்.

கைடு எங்கள் ஊர்ப் பெயரைத்தான் முதலில் சொன்னார்.

கூத்தாநல்லூர்க்காரியின் கையைப் பிடித்து இழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "இதுக்கா இப்படி வேர்க்குது? இன்னிக்கு வெரதம்னு சொல்லிடு."

"எந்தச் சாமிக்குடி?"

"உங்கள்ல சாமிக்கா பஞ்சம்? ஒண்ணைச் சொல்லு."

"காலையில மூணாவது தடவ இட்லி கேட்டப்ப டீச்சர் பக்கத்துலதான் நின்னாங்க."

தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று யோசித்தேன். டீச்சரிடம் போய்ச் சொல்லியும் பார்த்தேன். "தலை சுத்துனா நிழல்லதான் இருக்கணும். உள்ளே வா, மோர் குடிச்சா சரியாயிடும்" என்றார். வரிசை நகர்ந்தது. நடந்த நூறு அடியும் எனக்கு ஒரே நினைப்புதான்: அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது. தெரியாதவர் கொடுத்தால் டம்ளரை வாங்கி நைசாகப் பக்கத்தில் தள்ளிவிடலாம்.

காரியஸ்தர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்று டீச்சரை வரவேற்றார். பார்வை வரிசையில் ஓடி வந்து என் மேல் நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது. லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

உள்ளே முற்றமும் தேக்குத் தூண்களும் சுவரில் மங்கிய சித்திரங்களும். கைடு குரலை இன்னும் உயர்த்தினார். அந்தக் குடும்பம் பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றியது, சத்திரம் கட்டியது, குளம் வெட்டியது. பின்கட்டில் ஆள் உயரத்துக்கு மேலே பலகையால் அடைத்த பெரிய நெல் பத்தாயம் ஒன்று நின்றது. கைடு அதைக் கை முட்டியால் தட்டினார். உள்ளே நிறைந்திருந்ததால் சத்தம் மொத்தையாக வந்தது. "தலைமுறை தலைமுறையாய் இந்தப் பத்தாயம் வெறுமையானதே இல்லை என்பார்கள். எல்லாம் அந்த தர்மத்தின் பலன்!" என்றார்.

எனக்கு ஆத்திரம் மூக்கு முட்ட வந்தது. எல்லாம் தர்மத்தின் பலனாம். அம்மா இடுப்பு ஒடிய நட்டது, அப்பா ராத்திரி வாய்க்கால் கரையில் காவல் கிடந்தது, அதற்கெல்லாம் பெயர் தர்மம். சொல்ல வாய் துடித்தது. காரியஸ்தர் எனக்குப் பின்னாலேயே நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் அங்கே எது சொன்னாலும் விசாரணை வரைக்கும் போகும்.

மோர் வந்தது. பெரிய பித்தளைக் குண்டான், வரிசையாக டம்ளர்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட வாசனையில் நாக்கு ஊறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மோரைப் பார்த்தபோது அப்பாவும் நிலமும் ஒரு நொடி மறந்துபோனது உண்மை. சமையற்கட்டுப் பெண்கள்தான் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது காரியஸ்தர் ஒரு டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"குடிம்மா. வெயில்ல வந்திருக்க."

"வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"தாகம் இல்லீங்க."

நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. டீச்சர் இதைக் கவனித்துவிட்டு வந்தார். "என்ன இது? பெரியவங்க கையால குடுக்கறாங்க, வாங்கிக்க. மரியாதை தெரியாதா?" கைடும் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை. வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் அடுத்த முறை இந்த வீடு அவருக்குத் திறக்காது. நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். வாங்கியதோடு சரி. டீச்சர் அடுத்த பெண் பக்கம் போனார். காரியஸ்தர் நகரவில்லை.

குரலைத் தாழ்த்தி, ரொம்ப வாஞ்சையாகவே சொன்னார். "இன்னும் என்னம்மா வீம்பு? உங்கப்பாவே போன அமாவாசைக்கு இங்கதான சாப்பிட்டுட்டுப் போனாரு."

பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். இவர்கள் அடுத்த ஊரை உடைத்தது இப்படித்தானே. பொய்யை அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில், "எங்கப்பா உங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க" என்றேன்.

"நான்தாம்மா எல போட்டேன்" என்றார் அவர், ஒரு அலட்டலும் இல்லாமல். "நல்லாத்தான் சாப்ட்டாரு. கடேசில பாத்தா, ஒரு புடி சோத்த எல ஓரமா ஒதுக்கி வெச்சிருக்காரு. ஏன்யா, சோறு புடிக்கலியான்னேன். இல்லீங்க, வீட்டுல நாய்க்கு வெச்சுப் பழக்கம், கை தன்னால ஒதுக்குதுன்னாரு. சிரிச்சிட்டேன் நான்."

அப்பா அப்படித்தான் சாப்பிடுவார். முதல் வாய்க்கு முன்பே ஒரு பிடியை ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்க்காதவர்களுக்கு அது தெரிய வழியில்லை. காரியஸ்தர் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. களத்தில் அவர் இருக்கும்போது அப்பா வாயில் பச்சைத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. என் காதில் மதகடியில் அப்பா பேசிய பேச்சுதான் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதை விடுதியில் நடித்துக் காட்டியதும் சேர்ந்து நினைவுக்கு வந்து, அவமானத்தில் காது மடல் எரிந்தது.

இனி நான் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன? அப்பாவே நனைத்த பிறகு மகள் நனைக்காமல் யாருடைய மானத்தைக் காப்பாற்றப் போகிறாள்? அப்படி ஒரு நினைப்பு வந்தது நிஜம். டம்ளர் உதடுவரை போயும்விட்டது. அப்போது அந்த ஏழு பேரின் தலையாட்டல் ஞாபகம் வந்தது. அப்பா சாப்பிட்டது அப்பாவோடு. அவர்களோடு சேர்ந்து நானும் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருக்கிறேன் என்று தோன்றிவிட்டது.

"எனக்கு வேண்டாங்க" என்று டம்ளரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கப் போனேன். அதற்குள் கூத்தாநல்லூர்க்காரி குறுக்கே கையை நீட்டி அதை வாங்கி, "எனக்கு இன்னொண்ணு வேணும்னு பாத்துட்டே இருந்தேன்" என்று மடமடவென்று குடித்துவிட்டாள். காரியஸ்தர் வெறும் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

மற்றபடி அந்தச் சுற்றுலா எப்படி முடிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கைடு ஏதோ நன்றி சொன்னார், பெண்கள் கைதட்டினார்கள். நான் டீச்சரிடம் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்காமலே அனுமதி கொடுத்தார். நாகப்பட்டினம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுக வெடித்துக் கிடந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பாவை எப்படிக் கேட்பது என்று பத்து விதமாக ஒத்திகை பார்த்தேன். திருவாரூர் தாண்டியதும் பத்தும் மறந்துவிட்டது.

பொழுது சாயும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம். கை கால் கழுவச் சொல்லிவிட்டுத் தட்டு வைத்து, சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் தட்டைத் தொடவில்லை.

"களைச்சுப் போயி வந்திருக்க. சாப்பிடும்மா."

"தகராறு உள்ள வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க."

அப்பா சிரித்தார். "நம்ம வீட்டுல என்னம்மா தகராறு?"

"இன்னிக்குப் பள்ளிக்கூடத்துலேருந்து மேல வீதி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. மோர் குடுத்தாங்க. நான் குடிக்கல." அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னேன். "நீங்க சாப்பிட்டீங்களாம்."

"எந்தக் கட்டையில போறவன் சொன்னான்?" என்று அம்மா எகிறினாள். சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "என்னங்க, பதில் சொல்லுங்க."

"கூப்டு அனுப்புனாரு. போனேன்" என்றார் அப்பா. "ஆறு மா எம்பேருல எழுதித் தர்றேன்னாரு. சொந்தமா. பட்டாவோட."

"அதுக்கு நீங்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

பதில் வார்த்தை வார்த்தையாக வந்தது. "விசாரணையில... மத்த ஏழு பேரும் கூலிக்கு வந்தவங்கதான்னு... ஒரு வார்த்தை."

அடுத்த ஊரில் நடந்ததை எங்கள் ஊரில் தடுக்கக் கிளம்பியவர் இவர்தான். ஏழு குடும்பத்தின் வாயில் மண்ணை அள்ளிப் போட ஒப்புக்கொண்டு வந்திருப்பவரும் இவர்தான். அப்பாவோ நியாயம் சொல்ல ஆரம்பித்தார். பொம்பளைப் பிள்ளையை வைத்திருக்கிறாராம். கேஸ் தோற்றால் எட்டுப் பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டுமாம். "எட்டு பேருல ஒருத்தனாவது பொழைக்கட்டுமேன்னு..."

"அந்த ஒருத்தர் ஏன்ப்பா நீங்களா இருக்கணும்?"

அம்மா எழுந்தாள். என் தட்டிலிருந்த சோற்றைத் திரும்பவும் சட்டியில் கொட்டினாள். சட்டியை மூடி, அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். "அவங்க ஏழு பேருகிட்டயும் போயி சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல யாருக்கும் சோறு கெடையாது" என்றாள். அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அப்பா எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. போகமாட்டார் என்றே நினைத்துவிட்டேன். பயமாக இருந்தது. போகாவிட்டால் நானே போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தெம்பு எனக்கு இருந்ததா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

மதகடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். மீதிப் பேரையும் அப்பாவே ஆளனுப்பிக் கூப்பிட்டார். நின்றபடியே சொன்னார், எதையும் பூசி மெழுகவில்லை. ஆறு மா, பட்டா, அந்த ஒரு வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னார். "அந்த வார்த்தய நான் சொல்லமாட்டேன். விசாரணையில நெசத்தச் சொல்லுவேன்" என்றும் சொன்னார். அடி விழும் என்று நினைத்து நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். எட்டுப் பேரில் மூத்தவர் மட்டும் கேட்டார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அங்க சாப்ட்டியா, சாப்புடலியா?"

"சாப்ட்டேன்."

மூத்தவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்களும் போனார்கள்.

விசாரணையில் அப்பா சொன்னபடியே நடந்துகொண்டார். எட்டுப் பேரும் குத்தகைக்காரர்கள், இத்தனை வருடமாக இன்னின்ன துண்டை இன்னின்னார் உழுகிறார் என்று தாசில்தார் முன்னால் நின்று, தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொரு வரப்பாகச் சொன்னாராம். தஞ்சாவூராரின் வக்கீல் குறுக்கே குறுக்கே மடக்கியும் அசையவில்லையாம். எட்டுப் பெயரும் பதிவாயின. தண்ணீர் வந்ததும் ஒரே நாளில் எட்டு ஏரும் இறங்கின. எங்கள் பன்னிரண்டு மாவும் குத்தகையாகவே எங்களிடம் நின்றது. சொந்தம் என்று ஒரு மா கூட எழுதிக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அப்பா ஒருநாளும் பேசவில்லை.

அந்த ஏழு பேரும் அப்பாவோடு சண்டை போடவில்லை. தண்ணீர்ப் பங்கில் அவர் முறை வந்தால் அவருக்கு விட்டார்கள், ஏர் மாடு கேட்டால் கொடுத்தார்கள், நடவுக்கு ஆள் குறைந்தால் வந்து நின்றார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசவும் செய்தார்கள். அம்மா காபி கொண்டுவந்தால் மட்டும், "இப்பதான் குடிச்சேன் தங்கச்சி" என்பார்கள். கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் வாசலிலேயே பந்தல் போட்டு என் கல்யாணம் நடந்தது. அப்பா ஏழு வீட்டுக்கும் தானே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். ஏழு குடும்பமும் வந்தது. பிள்ளை குட்டிகளோடு நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து, பந்தலில் உட்கார்ந்து, தாலி கட்டும்போது அட்சதை போட்டார்கள். முதல் பந்தியில் அவர்களுக்கென்று ஒரு வரிசையையே ஒதுக்கி அப்பா இலை போட வைத்திருந்தார். சோறு வந்துவிட்டது, கூட்டும் பொரியலும் வைத்தாயிற்று. அவர்கள் வரிசை மட்டும் காலியாக இருந்தது.

நான் மாலையோடு மணவறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, ஒரு வாய் பாயசமாவது..."

"பொண்ணு நல்லா இருக்கட்டும்ப்பா" என்றார் அவர். குரலில் ஒரு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. "சாப்ட்ட மாதிரிதான்."

அவர்கள் தெரு முனை திரும்பும்வரை அப்பா பந்தல் வாசலில் நின்றார். பிறகு திரும்பி வந்து, யாரும் உட்காராத அந்த வரிசைக்குப் போய்க் குனிந்து, பரிமாறியது பரிமாறியபடியே இருந்த இலைகளை ஒவ்வொன்றாக மடித்து எடுத்தார். சமையல்காரர்களும் உறவுக்காரர்களும் ஓடி வந்தார்கள். அவர் ஒருவரையும் தொட விடவில்லை.